நன்றாகப் பேச வந்த பிறகு

மார்ச் 4, ஞாயிறு

சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. வாளி வைத்திருக்கிறேன். கஸ்தூரி ஜொகூரிலிருந்து போன் செய்தாள். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

பத்து மணிக்கு வாசலில் ஒரு சீனப் பெண்மணி. எழுபதை நெருங்கும் வயது, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என்னைக் கண்டதும் சீனத்தில் கடகடவென்று ஏதோ சொன்னார். அறுபத்திரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. என் முகத்தைப் பார்த்தால் எல்லாரும் சீனத்தில்தான் ஆரம்பிப்பார்கள். பெயர் அமிர்தவல்லி, காத்தமுத்து மகள், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று சொல்லும்வரை விடமாட்டார்கள். சொன்ன பிறகும் சிலர் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள்.

மலாயில் பேசுங்கள் என்றேன்.

"ரயில்வே கேட்டுல வேலை பார்த்த காத்தமுத்து வீட்டுப் பொண்ணா நீ?"

ஆமாம் என்றேன்.

"நான் சியூ லான், உன் அக்கா. உன்னை அந்த வீட்டுல தூக்கிட்டுப் போய் விட்டது நான்தான். அப்ப எனக்கு ஏழு வயசு."

உட்காரச் சொன்னேன். கோப்பி கலக்கிக் கொடுத்தேன். சீனி போட்டேனா என்று நினைவில்லை. அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

பெற்றவள் உயிரோடு இருக்கிறாளாம். வயது தொண்ணூற்றொன்று. ஜனவரியில் பக்கவாதம் வந்து, இப்போது ஈப்போவிலேயே ஒரு முதியோர் இல்லத்தில். பேச்சு குழறுகிறதாம். யார் போனாலும் "ஆறாவது எங்கே, ஆறாவது எங்கே" என்று கேட்கிறாளாம். நான் ஆறாவது.

"எங்களைப் பத்தி உனக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

மார்ச் 6, செவ்வாய்

குழாய்க்காரர் வரவில்லை. கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்தேன். கூடியிருக்கிறது.

கஸ்தூரியிடம் சொன்னேன். போனிலேயே அழுதாள். "அம்மா, இதுக்குத்தானே நீங்க இத்தனை வருஷம் சீனம் படிச்சீங்க?" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பாசாரில் மீன்காரர்களின் ஏச்சு தாங்காமல் படித்தேன். "சீனப் பொண்ணுக்குச் சீனம் தெரியாதா, வெட்கமா இல்லையா" என்று மீனை வெட்டிக்கொண்டே கேட்பார்கள்.

முப்பத்து நான்கு வயதில் சீனச் சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரும் படித்தார். அவர் தப்புத் தப்பாக வணக்கம் சொன்னால் மிஸ் ஃபோங் கைதட்டுவார். நான் ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தைத் தவறவிட்டால், "உன் வாயிலா இப்படி வருது?" என்பார். முகம் சீனமாக இருந்தால் சலுகை கிடையாது. அப்படியும் விடவில்லை. கட்டம் போட்ட நோட்டு நாற்பத்தொன்று அலமாரியில் இருக்கிறது. மண்டரினில், அதாவது பள்ளிக்கூடச் சீனத்தில், நாளிதழ் படிக்கிறேன். சீனப் பெருநாளன்று தலைக்குக் குளிக்கக்கூடாது, கடிகாரம் பரிசளிக்கக்கூடாது, சோற்றில் குச்சியை நட்டு வைக்கக்கூடாது, எல்லாம் தெரியும்.

ஞாயிறு போகலாம் என்று சியூ லானிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11, ஞாயிறு

போய் வந்தேன்.

சியூ லான் இன்னும் நான் பிறந்த அதே புதுக்கிராமத்து வீட்டில்தான் இருக்கிறார். அவரை ஏற்றிக்கொள்ளப் போனேன். திரும்பும்போது பெரிய சாலையில் சுற்றாமல் கோயில் பக்கத்துச் சந்தில் காரை விட்டேன். "இந்தக் குறுக்கு வழி உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குத்துமதிப்பாக விட்டேன் என்றேன்.

இல்லத்தில் பன்னிரண்டு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சின்ன உருவம். என் காது அவளுக்கு அப்படியே இருக்கிறது. மடல் ஒட்டி, மேலே சற்றுக் கூராக. அங்கம்மாவின், அதாவது என் அம்மாவின் காது பெரியது, தோடு தொங்கும். சிறுவயதில் கண்ணாடி முன் நின்று என் காதை இழுத்து இழுத்துப் பார்ப்பேன்.

ஒரு வாரமாகத் தயார் செய்திருந்த மண்டரின் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழகாகச் சொன்னேன். மிஸ் ஃபோங் கேட்டிருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு மண்டரின் தெரியாதே," என்றார் சியூ லான். "பள்ளிக்கூடமே போனதில்லை. ஹக்காதான் பேசுவாங்க."

ஹக்காவும் சீனம்தான். ஆனால் மண்டரின் படித்தவருக்குப் பாதிகூடப் புரியாது. எனக்கு ஹக்காவில் ஒரு வாக்கியம் தெரியாது.

மூத்த மகன் கொக் வா வந்திருந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எனக்குத் தலையசைத்துவிட்டு, ஆரஞ்சு உரித்து அவள் வாயில் ஒவ்வொரு சுளையாக வைத்தார். ஒரு சுளையை என்னிடமும் நீட்டினார்.

மார்ச் 13, செவ்வாய்

சியூ லான் வீட்டுக்கு வந்து ஹக்கா சொல்லித் தருகிறார். நாங்கள் பேசிக்கொள்வது மலாயும் பாசாரில் புழங்கும் கண்டோனீஸ் சீனமும் கலந்து. "காக்" என்று கூப்பிடுகிறேன். மலாயில் அது அக்கா.

'நான்' என்பதற்கு ஹக்காவில் 'ஙாய்'. 'என்' என்பதற்கு 'ஙா'. கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ங வரிசை நடத்தியிருக்கிறேன். "டீச்சர், இதுல ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். இதில் தொடங்கும் வார்த்தை இல்லையம்மா, சும்மா எழுதிப் பழகிக்கொள் என்பேன். பலகையில் மாங்காய் படம் வரைந்து சமாளிப்பேன்.

அம்மாவுக்கு 'ஆ மே'. அதை இருபது தடவை சொல்ல வைத்தார். அது மட்டும் எளிதாக வந்தது. 'அம்மா' என்று அவளை எழுத எனக்குக் கை வரவில்லை. 'ஆ மே' என்று எழுத முடிகிறது.

குழாய் சரியாகிவிட்டது.

மார்ச் 25, ஞாயிறு

ஆ மே தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கேட்காமலே காக் சொன்னார்.

அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமல் இருக்க, வெள்ளைக்காரன் புதுக்கிராமத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தான். என்னைப் பெற்ற அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதம். அரிசி அளந்துதான் கிடைக்கும். வீட்டில் ஐந்து பிள்ளைகள், நான் பிறந்து நாற்பது நாள். ரயில்வே வீட்டில் ஓர் இந்தியப் பெண் பிள்ளையில்லாமல் இருக்கிறாள் என்று ஆ மேக்குத் தெரியும். பாசாரில் காய்கறி வாங்கும்போது அந்தப் பெண் என்னைத் தூக்கி வைத்திருந்தாளாம்.

"அவங்களே கொண்டு போயிருந்தா வேலி கேட்டுலயிருந்தே திரும்பி வந்திருப்பாங்க. அதான் என் முதுகுல கட்டி அனுப்பினாங்க. கேட்டுல போலீஸ்காரங்க துணியை அவுத்துப் பார்த்தாங்க. உனக்கு அடியில அரிசி கடத்துறேனான்னு. நீ முழிச்சிக்கிட்டுச் சிரிச்சே."

"அப்புறம்?"

"அந்த அம்மா உன்னை வாங்கிக்கிட்டு எனக்கு சோறும் குழம்பும் போட்டாங்க. நான் மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்." காக் தலையைக் குனிந்துகொண்டார். "உன்னை விட்டுட்டு வயிறு நிறைய சாப்பிட்டேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, வியாழன்

இன்று அவர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். என்னைக் கூப்பிடவில்லை. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன்.

ஏப்ரல் 15, ஞாயிறு

எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்களாம். சியூ ஹா. பதிவு செய்யவில்லை, வீட்டில் கூப்பிட மட்டும். 'ஹா' என்றால் எந்த எழுத்து என்று காக்குக்குத் தெரியவில்லை. "அந்தி நேரத்துல வானம் சிவப்பா இருக்குமே, அது," என்றார். எனக்கு அந்த எழுத்து தெரியும். மேலே மழைக் குறி, பதினேழு கோடு. நாற்பத்திரண்டாவது நோட்டு வாங்கி ஒரு பக்கம் எழுதினேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஏப்ரல் 22, ஞாயிறு

இன்று ஆ மேக்கு நல்ல தெளிவு. தலையணை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் கஞ்சி ஊட்டினேன். ஆறு வாரப் பாடத்தையும் மனதில் ஓட்டிக்கொண்டேதான் ஊட்டினேன்.

"சாப்பிட்டீங்களா? ருசியா இருக்கா?" என்று ஹக்காவில் கேட்டேன்.

என்னை நேராகப் பார்த்தாள். முதல்முறையாக. "நீ எந்த வீட்டுப் பொண்ணு?"

"ரயில் வீடு," என்றேன்.

கண் அகலமாயிற்று. "ரயில் வீட்டுல எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நல்லா சாப்பிடுறாளா?"

காக் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "ஙாய்," என்றேன். நான்தான். "ஆ மே, ஙாய். சியூ ஹா."

வெகுநேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தட்டி, சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். புரிந்தது. புரியாத மாதிரி காக் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் சொல்லத் தயங்கினார்.

"என்ன சொன்னாங்க?"

"வெளியாளா இருந்தும் நம்ம பேச்சை எவ்வளவு நல்லா பேசுறேன்னு சொல்றாங்க."

மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்தேன். வாய் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 23, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 29, ஞாயிறு

போகவில்லை. முட்டி வலி.

மே 9, புதன்

வாக்களித்தேன். வரிசையில் இரண்டு மணி நேரம். மேசையில் இருந்த பெண் மண்டரினில் எண் கேட்டாள், மண்டரினில் சொன்னேன். பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். மறுபடி பெயரைப் பார்த்தாள். பின்னால் நின்ற சரஸ்வதி டீச்சர், "இன்னுமா டீச்சர் உங்களை இப்படிப் பார்க்குறாங்க?" என்று சிரித்தார். விரலில் மையோடு வந்து மோர்க்குழம்பு வைத்தேன்.

ஆ மேக்கு மறுபடியும் பக்கவாதம் என்று காக் போன். இனி வாயால் சாப்பாடு இல்லை.

மே 13, ஞாயிறு

அவள் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும். நான் கால் பக்கமும் காக் தலைப்பக்கமும் உட்கார்ந்திருந்தோம். காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். பாதம் வெடித்து வெடித்து இருந்தது. காய்கறிப் பாத்தியில் நின்ற பாதம்.

காக் சொன்னார்: "ஆ மே ஒரு தரம் என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு. கடுகுக் கீரையை வேலியில காயப் போட்டுக்கிட்டு இருந்தப்ப, ஒரு பொண்ணு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுச்சாம். நல்லா உடுத்தியிருந்துச்சாம், நெத்தியில பொட்டு. யாரைத் தேடுறேன்னு கேட்டாங்களாம். பதிலே சொல்லாம போயிடுச்சாம். ஆறாவதா இருக்குமோன்னு ஆ மேக்கு ஒரு எண்ணம். அதுக்கப்புறம் ரொம்ப நாள் கீரை காயப் போடுறதுன்னா வாசப்பக்கம்தான் போடுவாங்க."

நான் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அது நீயா?" என்றார்.

இல்லை என்றேன்.

மே 14, திங்கள்

காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இங்காவது எழுதிவிட வேண்டும்.

அது நான்தான். 1990, செப்டம்பர். அப்பா காத்தமுத்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது என்னை மட்டும் கூப்பிட்டு, லியோங் குடும்பம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதுக்கிராமம், கோயிலுக்கு அடுத்த சந்து, மூன்றாவது வீடு என்று சொன்னார். "அம்மாகிட்ட சொல்லாதே, தாங்கமாட்டா" என்றார். காரியம் முடிந்த பத்தாம் நாள் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் காதோடு ஒருத்தி நின்றாள். ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. பெற்றவள் கேட்பதற்கு, புரியவில்லை என்று சொல்லக்கூட எனக்கு ஒரு சொல் இல்லை. கூசிப்போய் வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைதான் வகுப்பில் சேர்ந்தேன். மீன்காரர்கள் என் முப்பத்து நான்கு வயதுவரை ஏசிக்கொண்டுதானே இருந்தார்கள். அப்போதெல்லாம் படிக்கவில்லையே.

நன்றாகப் பேச வந்த பிறகு போகலாம் என்று நினைத்தேன். ஒரு வருஷம் என்று கணக்கு வைத்தேன். பிறகு முதல் பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு எழுத்தும் வரட்டும் என்றேன். அம்மா மனம் நோகும் என்றும் சொல்லிக்கொண்டேன். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை அந்தச் சந்தில் காரை ஓட்டினேன், நிறுத்தாமல். அவள் பேசுவது ஹக்கா என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்கலாம். யாரிடமாவது கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. போன தீபாவளிக்குக்கூட அவள் முழு நினைவோடு அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, பேச்சே தெரியாமல் போய் நின்றிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள்தான் தெரிந்துகொண்டிருக்கிறாளே. பேசாமல் நின்றபோது நான் யாரென்று சந்தேகப்பட்டாள். பேசியபோதுதான் வெளியாள் ஆனேன்.

மதியம் சமைக்கவில்லை.

மே 19, சனி

விடியற்காலையில் போனாளாம். காக் ஏழு மணிக்கு அழைத்தார். கஸ்தூரி கிளம்பி வருகிறாள்.

மே 20, ஞாயிறு

சவமண்டபத்தில் எல்லாரும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. பெற்ற பிள்ளைகள் துக்க அடையாளமாகச் சட்டைக் கையில் ஒரு சின்னச் சணல் துண்டைக் குத்தியிருந்தார்கள். காக் எனக்கும் ஒன்று எடுத்து வந்தார். கொக் வா நடுவில் வந்து நின்றார்.

குரலை உயர்த்தவில்லை. என்னிடமே மலாயில் சொன்னார். "தப்பா எடுத்துக்காதே. கொடுத்த பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. உன்னை வளர்த்தவங்களுக்கு நீ துக்கம் காத்தாச்சு. இங்கேயும் குத்தினா ரெண்டு வீட்டுக்கும் ஆகாது. என் அம்மா கொடுத்ததை நான் திருப்பி வாங்க முடியாது."

"அண்ணே!" என்றார் காக்.

"பரவாயில்லை, அவர் சொல்றது முறைதான்," என்றேன். அந்த முறையை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன்.

கஸ்தூரியும் நானும் நண்பர்கள் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். "எழுந்து போயிடலாம்மா," என்றாள். இறந்தவருக்காக எரிக்கும் தங்கக் காகிதம் மடிக்க உதவி கேட்டார்கள். நான் வேகமாக மடிப்பேன். சங்கத்தில் கற்றது. பக்கத்தில் இருந்த ஒரு சிறு பெண், எப்படி மடிப்பது என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

மே 21, திங்கள்

தகனம் மதியம். நான் காலையிலேயே போய்விட்டேன்.

காக் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். கையில் இன்றைய சீன நாளிதழ், மரண அறிவிப்புப் பக்கம் மேலே வருமாறு மடித்திருந்தது. என்னைத் தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"நேத்து உன் விஷயமா அண்ணன்கிட்ட சண்டை போட்டேன். குத்தலைன்னா போகட்டும், பேப்பர்ல அவ பேரைப் போடுன்னேன். அப்புறம் சரின்னு தலையாட்டினாரு. இதுல இருக்கா பாரு."

"நீங்க பார்க்கலையா?"

"எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? உன்னைக் கொடுத்த வருஷமே என்னை வீட்டு வேலைக்கு அனுப்பிட்டாங்க. என் பேரையே எனக்கு அடையாளம் தெரியாது." வெட்கத்தோடு சிரித்தார். "பேரப்பிள்ளைங்ககிட்ட கேட்கலாம். ஆனா நீ படிச்சுக் கேட்கணும்னு வச்சிருந்தேன். இத்தனை பேர்ல நீதானே ஒழுங்கா படிச்சவ."

வாங்கிப் படித்தேன். நடுவில் ஆ மேயின் படம், இள வயதில் எடுத்தது. பெயர். வயது தொண்ணூற்றொன்று. மகன்கள் இருவர், மருமகள்கள். மகள்கள் வரிசையில் சியூ லான், சியூ ஃபோங், சியூ யிங். மருமகன்கள். பேரன் பேத்திகள், அவர்களின் பிள்ளைகள். மழைக் குறி போட்ட அந்த எழுத்தைத் தேடி இரண்டு முறை மேலிருந்து கீழாகப் படித்தேன். ஒரு பெயரில்கூடத் தடுக்கி நிற்காமல் படித்தேன். எல்லா எழுத்தும் எனக்குத் தெரிந்திருந்தது.

"இருக்கா?" என்றார் காக்.

உள்ளே மணி அடித்தார்கள். கொக் வா ஊதுபத்தியோடு குனிந்து நின்றார், முதுகு வளைந்து, கிழவராக.

"இருக்கு," என்றேன்.

காக்கின் கண் நிறைந்துவிட்டது. "எங்கே? எது?"

கடைசி வரியில் இரண்டு எழுத்து தனியாக நின்றது. உற்றார், நண்பர் அனைவரும் அறியவும் என்ற வரி. அதில் 'உற்றார், நண்பர்' என்ற அந்த இரண்டு எழுத்தின் மேல் விரலை வைத்தேன்.

"இது."

என் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை அங்கே வைத்தார். இரண்டு எழுத்தையும் மெதுவாகத் தடவினார்.

"உன் பேரு எழுதினா இவ்வளவு அழகா இருக்குமா?" என்றார்.